நைரோபியில் ஷோஷோவுக்கு ஆள் வைத்தது: ஒரு வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சியுடன் ஏழு மாதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை. ஒப்பந்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கள் வீட்டில் வேலை செய்கிற பெண்ணின் பிழைப்பும் அதோடு கட்டிக் கிடக்கிறது. ஆனால் நைரோபியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிற யாருக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன். ஏழு மாதத்துக்கு முன்னால் இப்படி ஒன்றைத் தமிழிலோ வேறு மொழியிலோ யாராவது எழுதி நான் படித்திருந்தால், முதல் இரண்டு வாரம் ஷோஷோ அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார்.

ஷோஷோ என் மாமியார். கிக்குயு மொழியில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள், என் மகள் பிறந்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்குமே அவர் ஷோஷோதான். வயது 79. முராங்கா கவுண்டியில் காங்கேமா பக்கத்து மலைச்சரிவில் கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் வாழை, இரண்டு மாடு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தார், அப்புறம் ஒரு மகள் இறந்தபோது அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அவரே வளர்த்தார். முதல் பெண் குழந்தைக்கு அப்பாவழிப் பாட்டியின் பெயரை வைப்பது கிக்குயு வழக்கம், அதனால் என் மகளுக்கும் அவர் பெயர்தான், வஞ்சிகு. சுருக்கமாக ஷீகு. பெயரைத் தாங்குகிறவள் பெயர்த்தி, அதுதான் பேத்தி ஆனது என்று சின்ன வயதில் தமிழ் வகுப்பில் படித்ததை, இங்கே கல்யாணமாகி வந்த பிறகுதான் நான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சு பாதி திரும்பியது. ஊரில் பக்கத்து வீட்டில் கட்டிக்கொடுத்த நாத்தனார் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கும் முட்டி வலி, ஆஸ்பத்திரிக்கு அலைய முடியவில்லை. அதனால் தீகா ரோடு பக்கம் ராய்சாம்புவில் இருக்கிற எங்கள் ஃப்ளாட்டுக்கே அழைத்து வந்தோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, என் கணவர் ஒரு பக்கமும் வாட்ச்மேன் ஒரு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நான் காலை ஆறரைக்குக் கிளம்பினால் இரவு ஏழுக்குத்தான் வீடு, அவரும் அப்படியே, ஷீகு பள்ளிக்கூடம். நாள் முழுக்கக் கூட இருக்க ஆள் வேண்டும்.

ஏஜென்சியின் ஏற்பாடு இதுதான். பதிவுக் கட்டணம் 5,000 ஷில்லிங், திரும்பக் கிடைக்காது. வீட்டிலேயே தங்கி வேலை செய்யும் ஆளுக்கு மாதம் 38,000, முன்பணமாக எம்-பெசாவில், அதாவது போன் வழியாகப் பணம் அனுப்பும் சேவையில், கட்ட வேண்டும். வாரம் ஒரு நாள் விடுமுறை, அன்றைக்கு மாற்று ஆள். ஆள் பிடிக்கவில்லை என்றால் 48 மணி நேரத்தில் மாற்றித் தருவார்கள். மாதம் இரண்டு முறை நர்ஸ் மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார். அந்த ஆளை ஒரு வருடத்துக்குள் நாமே நேரடியாக வேலைக்கு எடுத்துக்கொண்டால் மூன்று மாதக் கட்டணம் அபராதம்.

சேருவதற்கு முன்னால் நான்கு பக்கப் படிவம் ஒன்று நிரப்பச் சொன்னார்கள். எடை எவ்வளவு, சர்க்கரை இருக்கிறதா, டயப்பர் உண்டா, நடப்பாரா, எந்தச் சர்ச்சுக்குப் போவார் என்பதுவரை இருந்தது. எந்த மொழி பேசுவார் என்ற கேள்வி மட்டும் இல்லை. நிரப்பும்போது எனக்கும் அது தோன்றவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஷோஷோ நன்றாகவே ஸ்வாஹிலி பேசுவார், சந்தையில் பேரம் பேசி நானே கேட்டிருக்கிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு அந்த ஸ்வாஹிலி மொத்தமாகப் போய்விட்டது, கிக்குயு மட்டும்தான் மிச்சம் என்பதை நாங்கள் வீட்டுக்குள் கிக்குயுவிலேயே பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவே இல்லை.

முதலில் வந்த பெண் மேற்குப் பக்கத்திலிருந்து வந்தவர், சுத்தம், நேரம் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஷோஷோவைப் பெயரிலோ முறையிலோ கூப்பிடாமல் 'ம்கோஞ்ச்வா', அதாவது நோயாளி, என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நோயாளி சாப்பிட்டார், நோயாளி தூங்கினார். கட்டிலிலிருந்து எழுப்பும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தார். பக்கவாதம் வந்தவரின் பலமில்லாத கையைப் பிடித்து ஒருபோதும் தூக்கக் கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் எங்களுக்கே முதல் நாள் சொல்லியிருந்தார். வேலைக்கு அனுப்பப்பட்டவருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை என்றால் அது அவர் தப்பு இல்லை. இரண்டாவதாக வந்தவர் மூன்று நாளில் நின்றுவிட்டார், அவர் குழந்தைக்கே உடம்பு சரியில்லை. மூன்றாவதாக வந்தவர் தண்ணீரைப் படுத்த வாக்கிலேயே கொடுக்கப் போய் ஷோஷோவுக்குப் புரையேறி, கண் பிதுங்கி, நான் ஆபீஸிலிருந்து பாதி வேலையில் ஓடிவந்தேன்.

அந்தப் பதினோரு நாளில் ஷோஷோ பகலில் வாயே திறக்கவில்லை. நாங்கள் வந்த பிறகும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. நோய் கூடிவிட்டது என்று பயந்துபோய் ஊருக்கெல்லாம் போன் பண்ணிவிட்டோம்.

நான்காவதாக வந்தவர் ந்யேரிப் பெண், அதுவும் கிக்குயு பேசுகிற ஊர்தான். 24 வயது இருக்கும். கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நேராகக் கட்டில் பக்கம் போய், குனிந்து, இடது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஷோஷோ, வே ம்வேகா?" என்றார். நல்லா இருக்கீங்களா என்ற சாதாரண விசாரிப்புதான். ஷோஷோ அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வாய் ஒரு பக்கம் கோணினாலும் தெளிவாக, நீ யார் வீட்டுப் பெண், எந்த மலைப் பக்கம் என்று கேட்டார். அந்தப் பெண் கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்து தன் ஊர், பாட்டி பெயர், எந்த ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடு என்று வரிசையாகச் சொன்னார். நான் சமையலறை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தேன். இந்த விமர்சனத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: அவருக்கு மிச்சமிருக்கிற மொழியைப் பேசுகிற ஆளைக் கேளுங்கள். சான்றிதழையெல்லாம் அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

வேலையிலும் அவர் கெட்டிக்காரர். வந்த இரண்டாவது நாள், பழைய கிடெங்கே துணியைக் கிழித்து ஸ்பூனின் பிடியில் மொத்தமாகச் சுற்றி, மேலே ரப்பர் பேண்டைப் போட்டு இறுக்கினார். பிடி தடிமனானதும் ஷோஷோ இடது கையால் தானே சாப்பிட ஆரம்பித்தார், பாதி மார்பில் சிந்தினாலும். தண்ணீரைவிட ஊஜி நல்லது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஊஜி என்றால் நம் கேழ்வரகுக் கூழேதான், இங்கே கேழ்வரகுக்கு விம்பி என்று பெயர். நீர்த்த பானம் தொண்டையில் வேகமாக ஓடிப் புரையேறும், கூழ் மெதுவாக இறங்கும். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் மார்பை நோக்கி இறக்கச் சொல்லி, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் படுக்கவிட மாட்டார்.

அப்புறம் அந்த நோட்டு. ஷீகுவின் கணக்கு நோட்டில் மிச்சமிருந்த கட்டம்போட்ட பக்கங்களைக் கேட்டு வாங்கி, ஏஜென்சி கொடுத்த ஃபாரத்தை ஓரமாக வைத்துவிட்டு, தானே எழுத ஆரம்பித்தார். "7.10 ஊஜி முக்கால் கப். 7.40 மாத்திரை. பிபி 148/86. 9.00 இடப்பக்கம் திருப்பினேன். 11.00 வலப்பக்கம். 11.20 தேயிலை விலை கேட்டார், தெரியாது என்றேன், கோபம்." இரவு வந்ததும் நாங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் அந்த நோட்டைத்தான் எடுப்போம்.

இனி குறைகள். ஞாயிற்றுக்கிழமை மாற்று ஆள் என்பது கிட்டத்தட்டக் காகிதத்தில்தான் இருக்கிறது. ஏழு மாதத்தில் பாதி ஞாயிறுகளில் யாரும் வரவில்லை, வந்தவர்களும் ஒவ்வொரு வாரமும் வேறு முகம். ஒரு தடவை நாங்கள் உறவினர் சாவுக்காக சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. மாற்று ஆளை நம்பிப் போனோம். திங்கட்கிழமை காலை குளிப்பாட்டும்போது ந்யேரிப் பெண் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்து கிடந்தது, விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் ஆரம்பம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிவிட்டாலே பெரும்பாலும் வராது. ஏஜென்சிக்குப் படத்தோடு செய்தி அனுப்பினேன். மூன்று நாள் கழித்து, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு வரி வந்தது. நர்ஸ் மேற்பார்வையாளரை அனுப்புங்கள் என்று கேட்டேன், அவர் வந்தபோது ந்யேரிப் பெண் பக்கவாட்டில் தலையணை முட்டுக்கொடுத்தே பாதி ஆற்றிவிட்டிருந்தார். மாதம் இரண்டு முறை வர வேண்டிய அந்த நர்ஸ், ஏழு மாதத்தில் வந்தது மொத்தம் மூன்று முறை.

இன்னொன்று, விளம்பரத்தில் நர்ஸ் என்று போடுகிறார்கள், வீட்டுக்கு வருவது கேர்கிவர் கோர்ஸ் முடித்தவர். இரண்டும் வேறு. கென்யாவில் நர்ஸ் என்றால் நர்சிங் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், உரிமம் செல்லுமா என்று கேட்டுச் சரிபார்க்கலாம். எங்களுக்கு நர்ஸ் தேவைப்படவில்லை. ஆனால் ஊசி போடவோ சிறுநீர்க் குழாய் மாற்றவோ ஆள் வேண்டும் என்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

காசு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மூன்று மாதம் பழகிய பிறகு ஒரு நாள் இரவு, நான் ஷோஷோவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, உனக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டேன். 17,000 என்றார். நாங்கள் கட்டுவது 38,000. நைரோபியில் வீட்டு வேலையாளுக்கான குறைந்தபட்சக் கூலியே 2024 நவம்பரில் 16,113 ஷில்லிங்காக நிர்ணயிக்கப்பட்டது, இரவில் மூன்று தடவை எழுந்து ஒரு பெரியவரைத் திருப்பிவிடுகிறவருக்கு அதைவிட 900 ஷில்லிங்தான் கூட. ஏஜென்சியில் கேட்டேன். பயிற்சி, மேற்பார்வை, மாற்று ஆள், அலுவலகச் செலவு என்றார்கள். அந்த மேற்பார்வையையும் மாற்று ஆளையும் நான்தான் தேடிக்கொண்டிருக்கிறேனே! இப்போது அவர் விடுமுறைக்குப் போகும்போது பஸ் செலவு, பாட்டிக்குச் சர்க்கரை, எண்ணெய் என்று நாங்கள் தனியாகக் கொடுக்கிறோம். அதை ஏஜென்சி விரும்பாது, பரவாயில்லை.

எங்களுக்கும் இது சின்னத் தொகை இல்லை. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு 2018-லிருந்து அரசு கொடுக்கும் இனுவா ஜமீ பணம் ஷோஷோவுக்கு வருகிறது, மாதம் 2,000 ஷில்லிங். பெரியவர்களுக்கு டயப்பர் பாக்கெட் இரண்டு வாங்கினால் அது போய்விடும். 2010 அரசியல் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, முதியவர்களுக்குக் குடும்பத்திடமிருந்தும் அரசிடமிருந்தும் நியாயமான பராமரிப்பு பெறும் உரிமை உண்டு என்கிறது. நடைமுறையில் குடும்பம்தான். உயிரோடு இருக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, ஒவ்வொரு மாதமும் 28-ஆம் தேதி அதில் எம்-பெசா ரசீதுகள் வந்து விழும். அமெரிக்காவில் இருப்பவர் 15,000, இங்கேயே நகுரு நகரத்தில் இருக்கும் மூத்தவர் 8,000, மீதி நாங்கள். ஊரில் இருக்கிற நாத்தனாரால் பணம் தர முடியாது, அவள் வாழையும் சேனையும் மூட்டையாக மட்டாட்டுவில், அதாவது இங்கே ஓடுகிற தனியார் மினிபஸ்ஸில், ஏற்றி அனுப்புகிறாள், டிசம்பரில் மூன்று வாரம் ஷோஷோவைத் தானே பார்த்துக்கொண்டாள். அதையும் பணம் மாதிரியே எழுதி வைக்க வேண்டும் என்று குழுவில் சொன்னது நான்தான்.

பேச்சும் கேட்டோம். என் கணவரின் பெரியம்மா ஒருவர் வந்து, ஐந்து பிள்ளைகளைப் பெற்றவளைக் கூலிக்காரி கையில் விட்டுவிட்டீர்களே என்று கூடத்தில் உட்கார்ந்து எல்லோர் காதிலும் விழச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அவர் சொல்வதில் ஒரு காலத்து உண்மை இருக்கிறது. அவர்கள் காலத்தில் மகன்களின் வீடுகள் ஒரே வளாகத்தில் இருந்தன, மருமகள்கள் முறை வைத்துச் சமைத்துக் கொண்டுபோவார்கள், பேரப்பிள்ளைகள் இரவில் ஷோஷோவின் குடிசையில்தான் தூங்குவார்கள். தண்ணீர் எடுக்கவும் விறகு கொண்டுவரவும் இரவில் விளக்கேற்றவும் அந்தப் பிள்ளைகள்தான். இப்போது தேயிலை நிலம் பங்கு போட்டுப் போட்டு ஒரு குடும்பத்துக்கும் போதாத துண்டுகளாகிவிட்டது, மகன்கள் நைரோபிக்கும் நகுருவுக்கும் போய்விட்டார்கள், 2003-இல் தொடக்கக் கல்வி இலவசமான பிறகு பேரப்பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில், பெரியவர்களானதும் போர்டிங். 2019 கணக்கெடுப்பில் இந்த நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 27 லட்சம் பேருக்கு மேல், பெரும்பாலோர் கிராமத்தில்தான் இருக்கிறார்கள். பெரியம்மாவிடம் நான் எதிர்த்துப் பேசவில்லை. அந்த ந்யேரிப் பெண்ணே தேநீர் கொண்டுவந்து கொடுத்து, கிக்குயுவில் அவர் உடம்பை விசாரித்து, கால் வீக்கத்தைப் பார்த்து உப்பைக் குறைக்கச் சொன்னார். கிளம்பும்போது பெரியம்மா அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

முதியோர் இல்லம் பற்றி யோசித்தீர்களா என்று சிலர் கேட்டார்கள். நைரோபியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ந்யும்பா யா வாஸே போன்ற இடங்கள் இருக்கின்றன. ஆனால் யாரும் இல்லாதவர்களுக்கு அந்த இடங்கள் தேவை, ஷோஷோவுக்கு நாங்கள் இருக்கிறோம்.

சரி, ஆள் எடுப்பதற்கு முன்னால் நான் இப்போது என்ன கேட்பேன்? தாய்மொழி என்ன, முதல் நாளே நேரில் வந்து பெரியவரோடு பத்து நிமிடம் பேசிப் பார்க்க விடுவீர்களா என்று கேட்பேன். நாங்கள் கட்டுகிற பணத்தில் அவர் கையில் எவ்வளவு போய்ச் சேரும் என்று கேட்பேன், சொல்ல மறுத்தால் அடுத்த ஏஜென்சியைப் பார்ப்பேன். விடுமுறை நாளுக்கு ஒரே மாற்று ஆள், அவர் பெயரோடு, எழுத்தில் வேண்டும் என்பேன். முடமான பக்கத்தை எப்படித் தூக்குவாய், புரையேறினால் என்ன செய்வாய் என்று வாயால் கேட்காமல் செய்து காட்டச் சொல்வேன். தண்ணீர் வராத நாளில் ஒரு கராயி, அதாவது ஒரு பேசின், தண்ணீரில் படுக்கையிலேயே குளிப்பாட்டத் தெரியுமா என்பதும் நைரோபியில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

மதிப்பெண் கேட்டால், ஏஜென்சிக்கு ஐந்துக்கு இரண்டு. ஆளைத் தேடிக் கொண்டுவந்து சேர்த்ததற்காக அந்த இரண்டு. ந்யேரிப் பெண்ணுக்கு ஐந்துக்கு ஐந்து.

அவரும் போகப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறார் என்று நான் கேட்டதே இல்லை, ஊருக்கு என்று நினைத்திருந்தேன். மாதத்தில் மூன்று ஞாயிறு ஜெர்மன் மொழி வகுப்புக்குப் போயிருக்கிறார். 2024 செப்டம்பரில் கென்யாவும் ஜெர்மனியும் ஆள் அனுப்பும் ஒப்பந்தம் போட்ட பிறகு, கேர்கிவர் படித்த பெண்கள் பலருக்கும் அதுதான் குறி. போன வாரம் தேர்வில் தேறிவிட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவருடைய பாட்டியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாதம் 4,000 எம்-பெசாவில் அனுப்புகிறாராம். கேட்ட எனக்குத் தொண்டை அடைத்தது. ஷோஷோவிடம் அவரே சொல்லிவிட்டார், அன்றைக்கு நோட்டில் இப்படி இருந்தது: "4.15 ஜெர்மனி போகிறேன் என்றேன். அங்கே தேயிலை விளையுமா என்று கேட்டார். 5.00 வலப்பக்கம் திருப்பினேன்."

ஆகஸ்ட் வரை இருப்பார். அதற்குள் கிக்குயு பேசுகிற இன்னொருவர் வேண்டும், ஒரு மாதமாவது இவர் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லித் தர வேண்டும், அந்த ஒரு மாதத்துக்கு இரண்டு பேர் சம்பளத்தையும் நாங்களே தருகிறோம் என்று ஏஜென்சிக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே கீழே சேர்க்கிறேன்.